யாத்திரைத் தடமும் இனிப்புச் சொல்லும்



மொழி வரலாற்றுக்குச் சான்று தேடுவோர் கல்வெட்டையும் ஏட்டுச்சுவடியையும் முதலில் நாடுவர். அடுக்களையில் வழங்கும் சொற்களை நாடுவோர் சிலரே. ஆனால் ஓர் அரசு மறைந்தபின் அதன் ஆட்சிச் சொற்கள் பலவும் வழக்கொழிந்து போகின்றன. ஒரு பண்டத்தின் பெயரோ, அதைச் செய்யும் கை உள்ளவரை வாழ்கின்றது. இவ்வுரையில் அதிரசம், மனோகரம், அக்காரவடிசில், அரவணை, பஞ்சாமிர்தம், சீரணி என்னும் ஆறு இனிப்புப் பெயர்களை எடுத்துக்கொள்கிறோம். இவை ஆறும் தலயாத்திரையோடு பிணைந்தவை. பெரும்பாலும் இடைக்காலத்தில் வேர்கொண்டவை. நாம் நிறுவ விரும்பும் கருத்து எளிது: யாத்திரிகரின் தேவை பண்டத்தின் உருவை வகுத்தது, பண்டத்தின் பெயர் அவர்கள் நடந்த வழியைக் காத்து வைத்தது. அப்பெயர்கள் இன்று ஜொகூரில் நம் கண்முன்னே தேய்ந்து வருகின்றன. ஆகவே இதனைப் பழங்கதையாக மட்டும் கொள்ளாமல், ஆசிரியர் கைக்கொள்ள வேண்டிய பணியாகவும் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

வழியும் பசியும்

இடைக்காலத் தமிழகத்தில் நெடுஞ்சாலைகள் 'பெருவழி' எனப்பட்டன. கொங்கு நாட்டில் இராசகேசரிப் பெருவழி இருந்தது. தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழி இருந்தது. பின்னதன் காதக்கல் ஒன்று, நாவற்றாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று எழுத்தால் குறிக்கிறது. எழுத்தறியாதவரும் தொட்டுணர்ந்து எண்ணிக்கொள்ளும்படி, அதே கல்லில் இரண்டு பெருங்குழிகளும் ஒன்பது சிறுகுழிகளும் வெட்டப்பட்டுள்ளன. 'தாவளம்' என்பது வழிச்செல்வோர் தங்குமிடம். ஆக, ஊர்ப்பெயரிலேயே பயணம் பதிந்திருக்கிறது. கரும்பை இந்நிலத்துக்குக் கொணர்ந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். கரும்பின் கதையோடும் காதக்கல்லோடும் ஒரே குடிப்பெயர் இணைந்திருப்பது, நம் பொருளுக்கு நல்ல தோற்றுவாய்.

இவ்வழிகளில் வணிகரும் அடியாரும் கலந்தே நடந்தனர். 'பண்டம்' என்னும் சொல் விற்பனைப் பொருளையும் குறிக்கும், தின்பொருளையும் குறிக்கும் என்பதை நோக்குக. அடியாரின் வழிப்பசியை இலக்கியமும் மறக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியால் வாடிய திருநாவுக்கரசருக்கு இறைவனே பொதிசோறு தந்தருளிய செய்தி வருகிறது. அதே நூல், திங்களூரில் அப்பூதியடிகள் அமைத்த தண்ணீர்ப்பந்தலையும் போற்றுகிறது. யாத்திரையின் முதன்மையான சிக்கல் சோறும் நீரும் என்பதைச் சேக்கிழார் நன்கு அறிந்திருந்தார்.

பொதிசோறு ஒருநாள் தாங்கும். புளி சேர்த்தால் இன்னும் ஒருநாள் தாங்கலாம். பல நாள் நடந்து ஊர் திரும்புவோர், தம் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் இறைவன் அமுதிலிருந்து ஒரு துணுக்கேனும் கொண்டுசெல்ல விரும்பினால், அது சோறாக இருத்தல் இயலாது. கெடாத பண்டம் வேண்டும். இந்த ஒரு தேவையே நம் இனிப்புகளின் வரலாற்றைத் திருப்பியது.

கல்லில் பதிந்த அமுது

கோயில் உணவைப் பற்றிய கல்வெட்டுச் செய்திகள் பழமையானவை. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் வரகுணன் காலத்து அம்பாசமுத்திரம் கல்வெட்டு, நாள்வழிபாட்டுக்குரிய அரிசி, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை ஆகியவற்றை அளவோடு பட்டியலிடுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நெய்யமுது, தயிரமுது, கறியமுது, அடைக்காயமுது என்று ஒவ்வொரு பொருளும் 'அமுது' என்னும் பின்னொட்டைப் பெறுகிறது. வீட்டில் தயிராக இருப்பது சன்னிதியில் தயிரமுது ஆகிறது. இப்பழக்கத்தின் எச்சத்தை, பாயசத்தைத் 'திருக்கண்ணமுது' என்று வழங்கும் வைணவ இல்லங்களில் இன்றும் கேட்கலாம்.

இந்நிலையிலிருந்து அடுத்த படியைத் திருமலைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். விசயநகரப் பேரரசின் காலமாகிய 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அப்பப்படி, வடைப்படி, சுகியன்படி, அதிரசப்படி, மனோகரப்படி என்னும் பெயர்கள் அங்கே அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. 'படி' என்பது ஈண்டு இறைவனுக்கு நாள்தோறும் படைக்க வகுத்த அளவு. சோற்றை முதன்மையாகக் கொண்ட படையலில், எண்ணெயிலோ நெய்யிலோ வெந்த பண்டங்கள் இடம்பெருக்கிக்கொள்வதை இப்பெயர்கள் காட்டுகின்றன.

படைத்த அமுதில் ஒரு பங்கு அறக்கட்டளை வைத்தவருக்கு உரியது. அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். பெரும்பாலும் அது நான்கில் ஒரு பங்கு. இன்று நாம் நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்குக்கு வழங்கும் 'விழுக்காடு' என்னும் சொல், அன்று பிரசாதப் பங்கைக் குறித்தது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம். இப்பங்கைத் தாமே வைத்துக்கொள்ளாமல், யாத்திரிகருக்கு உணவளிக்கும் இராமானுசகூடங்களுக்கு மாற்றிக் கொடுத்தவரும் உண்டு. ஆக, மன்னரும் தனவந்தரும் வைத்த பொருள், கோயில் மடைப்பள்ளி வழியே வழிநடைப் பயணியின் கைக்கு வந்து சேர்ந்தது.

ஏன் அதிரசமும் மனோகரமும்? விடை பாகில் இருக்கிறது. வெல்லப்பாகு நன்கு காய்ந்து இறுகும்போது நீரின் பெரும்பகுதி ஆவியாகி விடுகிறது. எஞ்சும் நீரையும் சர்க்கரை தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. பிணைக்கப்பட்ட நீரில் நுண்ணுயிர் பெருக முடியாது. மேலும், கொதிக்கும் நெய்யில் வேகும் பண்டம் தன் ஈரத்தை இழக்கிறது. அதிரசத்துக்கு ஈர அரிசிமாவைப் பாகில் பிசைந்து, சில நாள் வைத்துப் பின்னர் பொரித்து எடுப்பர். மனோகரத்துக்கு மாவைப் பிழிந்து பொரித்து, உடைத்து, முற்றிய பாகில் புரட்டி உருண்டை பிடிப்பர். இரண்டும் பல நாள் கெடாமல் இருக்கும். மூட்டையில் கட்டினாலும் குலையா.

'மனோகரம்' என்றால் உள்ளத்தைக் கவர்வது; 'அதிரசம்' என்றால் மிகுசுவை. இரண்டும் வடசொற்கள். மாவையும் பாகையும் கலக்கும் தொழிலோ தமிழ்நிலத்தில் அதற்கு முன்பே வழங்கியது. பாகில் அப்பம் செய்யும் கூவியரைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகிறது. சிலப்பதிகாரம் புகார் நகரின் காழியரையும் கூவியரையும், அதாவது பிட்டு விற்போரையும் அப்பம் விற்போரையும் சேர்த்துச் சொல்கிறது. கடைத்தெருப் பண்டம் கோயிலுக்குள் சென்றபோது புதுப்பெயர் பூண்டது. யாத்திரிகரோடு வெளியே வந்தபோது அப்பெயரையும் உடன் கொண்டுவந்தது. திருமலையின் இன்றைய லட்டும் இதே கட்டமைப்பினதே: பொரித்த சிறுதுணுக்கு, பாகு, உருண்டை. அது 2009ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.

பெயர் நடந்த வழி

இனி, இரு சொற்களின் நடையைப் பின்தொடர்வோம்.

முதலாவது, அக்காரவடிசில். 'அடிசில்' என்பது சோறு. 'அக்காரம்' என்பது சர்க்கரை. வடமொழிச் 'சர்க்கரா' பிராகிருதத்தில் 'சக்கரா' ஆயிற்று. தமிழில் முதலெழுத்தாகிய சகரம் கெட்டு 'அக்காரம்' என நின்றது. 'சமணர்' அமணர் ஆனதும், 'சபை' அவை ஆனதும் இவ்வகையினவே. பின்னொரு காலத்தில் அதே சொல் 'சர்க்கரை' என்று சகரத்தோடு மீண்டும் நுழைந்தது. ஒரே சொல் இருமுறை வந்தால், இரண்டு காலத்துத் தொடர்பு இருந்தது என்று பொருள். மலையாளத்தில் அது 'சக்கர' என வழங்க, போர்த்துகீசியர் வழியே அதுவே ஆங்கிலத்தின் 'ஜாகரி' ஆயிற்று.

திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்வதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் பாடினார். பல தலைமுறைகள் கழித்து, யாத்திரையாக அங்கு வந்த இராமானுசர் அந்நேர்த்தியை நிறைவேற்றினார் என்றும், பின்னர் அவர் திருவில்லிபுத்தூர் சென்றபோது ஆண்டாள் அவரை அண்ணனாக ஏற்று எதிர்கொண்டாள் என்றும் வைணவ மரபு கூறும். அதனால் அவருக்குக் 'கோயில் அண்ணர்' என்னும் பெயரும் உண்டு. இரு தலங்களையும் ஓர் இனிப்பு உறவுமுறையால் இணைப்பதை இங்குக் காண்கிறோம். மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லியன்று இல்லந்தோறும் அது சமைக்கப்படுவதால், தலத்துக்குச் செல்லாதவரும் அவ்வழியில் ஒருநாள் நடந்தவராகின்றனர்.

இரண்டாவது, அரவணை. அரவு என்பது பாம்பு. அணை என்பது படுக்கை. பாம்பணையில் பள்ளிகொண்ட திருவரங்கநாதருக்கு இரவு வழிபாட்டின்போது படைக்கப்படும் இனிப்புச் சோற்றுக்கு அப்பெயர் பொருந்துகிறது. படுக்கையின் பெயர் வழிபாட்டுக்கும், வழிபாட்டின் பெயர் உணவுக்கும் ஆகிவந்தது. இலக்கணத்தார் ஆகுபெயர் என்பது இதனையே. ஆனால் சபரிமலையில் ஐயப்பன் பாம்பணையில் இல்லை, யோகநிலையில் அமர்ந்திருக்கிறார். ஆயினும் அங்குத் தரும் கெட்டிப் பாயசமும் அரவணையே. பொருளுக்கு அங்கே இடமில்லாதபோதும் பெயர் நிலைத்திருப்பதால், அது வேறு தலத்திலிருந்து நடந்து வந்தது என்று உணர்கிறோம். மொழியியலாருக்கு இத்தகைய பொருந்தாமையே வலிய சான்று.

உப்பு வழியும் பழனி வழியும்

பழனிக்கு வருவோம். பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலம், பேரீச்சை, கற்கண்டு ஆகியன சேரும், நீர் சேராது. மரபாகப் பயன்படும் விருப்பாட்சி மலைவாழை நீர்த்தன்மை குறைந்த பழம். அடுப்பேறாத இப்பண்டம் கெடாதிருப்பதற்கு இவையே காரணம். 2019ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பழனி வழிபாட்டின் வரலாற்றில் நகரத்தாருக்குத் தனியிடம் உண்டு. 17ஆம் நூற்றாண்டைச் சுட்டும் அவர்களின் பழனி ஆவணங்கள், உப்பு வணிகத்துக்காக அவ்வழி சென்றோர் முருகனுக்குக் காணிக்கை வைத்து, மடம் அமைத்து, யாத்திரையை நிலைப்படுத்திய செய்தியைச் சொல்கின்றன. கடற்கரையின் உப்பு மலையடிவாரத்துக்குச் சென்றது. மலையடிவாரத்தின் இனிப்பு செட்டிநாட்டுக்குத் திரும்பியது. செட்டிநாட்டிலிருந்து தைப்பூசத்துக்குக் காவடியோடு நடந்து செல்லும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

அவ்வழியே கடலைக் கடந்தது. 19ஆம் நூற்றாண்டில் வட்டித்தொழிலுக்காக மலாயாவுக்கு வந்த நகரத்தார், சென்ற ஊரிலெல்லாம் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். சிங்கப்பூரின் தேங்க் சாலைக் கோயில் 1859ஆம் ஆண்டு எழுந்தது. நம் ஜொகூரின் மூவாரிலும் அம்மரபில் வந்த கோயில் உண்டு. தைப்பூசம் ஜொகூரில் மாநிலப் பொது விடுமுறை. அன்று கோயில்களில் வழங்கும் பஞ்சாமிர்தத்தில் விருப்பாட்சிப் பழம் இல்லை. இந்நாட்டுப் பழமே இருக்கிறது. பண்டத்தின் உறுப்பு மாறியது, பெயர் மாறவில்லை. பழனியைப் பார்த்திராத குழந்தையும் பழனியின் சொல்லை இங்கே உச்சரிக்கிறது.

கடல்வழிச் சீரணி

கடல்வழி யாத்திரை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவுக்குப் பல சமயத்தாரும் செல்வர். கப்பலோட்டிய தமிழ் முசுலிம்கள் அவர் நினைவாகப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நினைவிடங்கள் எழுப்பினர். தர்காவில் ஓதியபின் பகிரும் இனிப்புக்குச் 'சீரணி' என்று பெயர். பாரசீகத்தில் 'சீரீனி' என்றால் இனிப்பு. தென்மாவட்டக் கடைகளில் விற்கும் சீரணி மிட்டாயும் இச்சொல்லையே தாங்கி நிற்கிறது. வழிபாட்டுச் சொல்லொன்று சந்தைச் சொல்லாக விரிந்ததற்கு இது சான்று.

மலாய்மொழியோடு நமக்குள்ள உறவும் இங்கே வெளிப்படும். மலாயின் 'அப்பாம்' நம் அப்பம்; 'பூத்து' நம் புட்டு. மலாயில் சர்க்கரை 'கூலா' எனப்படும். அது வடமொழிக் 'குட' என்பதன் வழிவந்தது. பழந்தமிழில் வெல்லத்தைக் குறித்த 'குளம்' என்னும் சொல்லும் அம்மூலத்தையே சாரும். எதிர்த்திசையிலும் ஒரு சொல் பயணம் செய்தது. மலாய் மக்கள் பெருநாளுக்குக் கிண்டும் 'டோடொல்', இலங்கையிலும் கீழக்கரையிலும் 'தொதல்' என வழங்குகிறது. கொடுத்தது மட்டுமே நம் வரலாறு என்று எண்ணுவோர் தொதலைச் சுவைத்துப் பார்க்க வேண்டும்.

ஈண்டு மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மலாய் மக்களின் பெனெராம் என்னும் பண்டம் அரிசிமாவும் பனைவெல்லமும் கலந்து பொரித்தது. பார்வைக்கு அதிரசம் போன்றது. அதனால் அப்பெயரும் அதிரசத்திலிருந்து பிறந்தது என்று முடிவு கட்டலாகாது. உருவ ஒப்புமை வேறு, சொற்பிறப்பு வேறு. ஒலிமாற்றம் முறைப்படி அமைந்து, தொடர்புக்கு வரலாற்றுச் சான்றும் கிடைத்தாலன்றி ஒரு சொல்லை நமதென உரிமை கொண்டாடுவது ஆய்வு நெறியன்று. அரிசியும் வெல்லமும் உள்ள நாட்டில் அத்தகைய பண்டம் தானே தோன்றுவதும் இயல்பு.

தேயும் சொற்கள்

இனி நம் காலத்துக்கு வருவோம். ஜொகூரின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் பலகாரத்தைக் கூடிச் செய்தனர். 'பலகாரம்' என்னும் சொல்லே நோன்போடு தொடர்புடையது. வடமொழிப் 'பலாகாரம்', அதாவது பழ உணவு, என்பதன் திரிபு அது. நோன்பு நாளில் சோற்றுக்கு மாற்றாக உண்பதை முதலில் குறித்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், பலகாரம் பெரும்பாலும் கடையில் வாங்கும் பொருளாயிற்று. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் வாங்கும் பொருளுக்குப் பெயர் ஒன்றே போதும். செய்யும் பொருளுக்கோ நூறு சொற்கள் வேண்டும்.

பாகு ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். விரலிடையில் இழை நீள்வது கம்பிப்பதம். தண்ணீரில் விட்டால் கையில் உருட்ட வருவது உருட்டுப்பதம். அதிரசத்துக்கு அதுவே உரியது. தட்டில் எறிந்தால் 'ணங்' என ஒலிப்பது முற்றிய பதம். மனோகரத்துக்கு அதுவே உரியது. வெப்பமானி இல்லாத காலத்தில் கண்ணாலும் விரலாலும் செவியாலும் அளந்த அளவைகள் இவை. அகராதிகள் பண்டத்தின் பெயரைப் பதிகின்றன. பதத்தின் நுட்பத்தை முழுமையாகப் பதிவதில்லை. செய்கை நின்றால் பதச்சொல் முதலில் மறையும். பின்னர் பண்டங்களின் தனிப்பெயர்களும் மறையும். சுகியனையும் அதிரசத்தையும் முறுக்கையும் ஒருசேரக் 'கூய்' என்று சொல்லும் சிறுவரை நாம் தமிழ்ப்பள்ளிகளிலேயே காண்கிறோம். 'கூய்' மலாய்மொழி ஹொக்கியனிடமிருந்து பெற்ற நல்ல சொல்தான். அது ஒரு சொல்லாக வந்து சேர்ந்தால் செல்வம். பத்துச் சொற்களை விரட்டிவிட்டு அமர்ந்தால் இழப்பு.

இழப்பது என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறோம். அதிரசத்தையொத்த பண்டத்தைக் கொங்கு நாட்டார் 'கச்சாயம்' என்பர், கன்னடத்தில் அது 'கஜ்ஜாய', தெலுங்கில் 'அரிசெலு'. ஜொகூரில் ஒரு மூதாட்டி 'கச்சாயம்' என்று சொன்னால், கொங்கு நாட்டையும் அதை ஒட்டிய கன்னட நிலத்தையும் இணைக்கும் வழியொன்று அவர் நாவில் இருக்கிறது. பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதற்குத் தாள் ஆவணம் இல்லாத குடும்பங்கள் இங்கே பல. அத்தகைய குடும்பத்துக்கு இச்சொல் ஒரு காதக்கல். அதை இழந்தால் திரும்பிப் பார்க்க வழி தெரியாது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்து முதியவர் ஒருவரிடம் ஒரே ஒரு பண்டத்தைப் பற்றி ஐந்து செய்திகளைக் கேட்டு எழுதட்டும்: அதன் பெயர், அதைச் செய்யும் நாள், அளவுச் சொற்கள், பதச் சொற்கள், அதைக் கற்பித்தவரின் சொந்த ஊர். சொன்னவரின் ஒலிப்பைத் திருத்தாமல் அப்படியே எழுதச் சொல்லுங்கள்; வட்டார வழக்கு பிழையன்று, சான்று. பின்னர் வகுப்பறைச் சுவரில் தமிழகம், ஆந்திரம், கேரளம், இலங்கை, மலேசியா ஆகியவற்றின் நிலப்படத்தை மாட்டி, பெயர்களை அவ்வவ்விடத்தில் குறியுங்கள். ஆகுபெயரும் திசைச்சொல்லும் வடசொல்லும் அப்பாடத்திலேயே விளங்கிவிடும். இலக்கண நூலைத் தனியே திறக்க வேண்டியதில்லை.

அதியமான் பெருவழியில் கல் நாட்டியவன், எழுதப் படிக்கத் தெரியாத பயணியையும் மனத்தில் வைத்தே குழிகளையும் வெட்டினான். நம் இல்லங்களின் மூதாட்டியர் பலர் ஏட்டுக்கல்வி பெறாதவர்; எனினும் வழியின் அளவைச் சொல்லாகக் காத்து நம்மிடம் சேர்த்தவர்கள். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதிவிட வேண்டும். இவ்வாண்டு தீபாவளிக்கு முன்பே அப்பணி தொடங்கட்டும்.